குப்பையின் விலையில் படிப்புக்கு ஒரு பங்கு



இங்கே சொந்த வீடு உள்ளவர்கள் இன்று வீட்டுக்குப் போனதும் சொத்து வரிக் கணக்கை எடுத்து ஒருமுறை முழுமையாகப் பாருங்கள். அந்தத் தொகைக்குள் நூலக வரி என்று ஒரு பங்கு இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு அது. சென்னையில் கல்வி வரி என்று இன்னொரு பங்கும் உண்டு. நாம் வீட்டுக்காகக் கட்டும் பணத்தில் ஒரு பகுதி, யாரென்றே நமக்குத் தெரியாத ஒரு பிள்ளை உட்கார்ந்து படிக்கும் நாற்காலிக்கும் விளக்குக்கும் போகிறது. 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை நிறைவேற்றியது. இந்தியாவில் ஒரு மாகாணம் அப்படிச் சட்டம் செய்து நூலகம் நடத்த முன்வந்தது அதுவே முதல் முறை. சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பல ஆண்டுகள் அதற்காக வாதாடினார். கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் அதைச் சட்டமாக்கினார். சுதந்திரம் வந்த மறு ஆண்டு, அரிசிக்கே தட்டுப்பாடு இருந்த காலம். அந்த நிலையிலும், ஊர்வரியில் ஒரு பங்கு படிப்புக்கு என்று சொல்லும் துணிவு இந்த மண்ணில் இருந்தது.

அந்தத் துணிவை இன்னொரு இடத்துக்கு நீட்டித்துப் பார்க்க வேண்டும் என்பதே இன்றைய என் பேச்சு. குப்பைக்காக ஊர் வசூலிக்கும் பணத்தில் ஒரு பங்கு, குப்பைமேட்டைச் சுற்றி வாழும் குடும்பத்துப் பிள்ளைகள் சுற்றுச்சூழல் படிப்பதற்குப் போக வேண்டும். கருணைக்காகக் கொடுப்பதாக நான் இதைக் கருதவில்லை. அது அவர்களுக்கு வரவேண்டிய பாக்கி. ஏன் பாக்கி என்பதை முதலில் சொல்கிறேன்.

சென்னை நாளொன்றுக்கு ஐயாயிரம் டன்னுக்கு மேல் குப்பை உண்டாக்குகிறது. பல ஆண்டுகளாக அது போய்ச் சேர்ந்த இடங்கள் இரண்டு. வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி. கொடுங்கையூர்க் கிடங்கு மட்டும் 340 ஏக்கருக்கு மேல். பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியே வளர்ந்தது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்று உலகம் மதிக்கும் அதே சதுப்பு நிலத்தை. அந்த ஆண்டு ஏப்ரல் கடைசியில் பெருங்குடியில் தீப்பிடித்து, நகரத்தின் தென்பகுதி சில நாட்கள் புகையில் கிடந்தது. கோவைக்கு வெள்ளலூர், திருச்சிக்கு அரியமங்கலம், திருநெல்வேலிக்கு இராமையன்பட்டி. எந்த ஊரை எடுத்தாலும் நகரத்தின் கழிவைத் தாங்கியது நகரத்தின் ஓரத்தில் இருந்த எளிய மக்களின் ஊர்தான். ஒரு மாளிகைப் பகுதிக்கு நடுவில் எங்காவது குப்பைமேடு அமைத்ததாக நீங்கள் கேள்விப்பட்டதுண்டா?

மேட்டுக்குப் பக்கத்தில் வாழ்வது என்றால் நாற்றத்தைப் பொறுத்துக்கொள்வது மட்டும் என்று தூரத்தில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நாற்றம் மூக்குக்குத் தெரியும், மற்றவை தெரியாது. மட்கும் குப்பையும் மட்காத குப்பையும் கலந்து காற்றுப் புகாமல் அமுங்கிக் கிடக்கும்போது மீத்தேன் உருவாகிறது. மேட்டிலிருந்து வரும் வாயுவில் ஏறக்குறைய பாதி அதுதான். கோடையில் மேடு பற்றிக்கொண்டால் தீயை வளர்ப்பதும் அதுவே. பிவிசி கலந்த குப்பை எரிந்தால் டையாக்ஸின் பிறக்கும். மழை பெய்தால் கருப்பான கசிவுநீர் கீழிறங்கும். பேட்டரியிலிருந்தும் மின்சாதனக் கழிவிலிருந்தும் வந்த ஈயத்தையும் காட்மியத்தையும் அது நிலத்தடி நீருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கொடுங்கையூர், பெருங்குடி நிலத்தடி நீரைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் பல வந்திருக்கின்றன. பெரும்பாலும் ஆங்கிலத்தில், பல பணம் கட்டிப் படிக்கும் ஆய்விதழ்களில். அந்தத் தண்ணீரை அடிபம்பில் அடித்துப் பயன்படுத்திய, கொடுங்கையூர் மேட்டை ஒட்டிய எழில் நகர்க் குடும்பத்துக்கு அந்தக் கட்டுரையில் என்ன இருக்கிறது என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. மாதிரி எடுக்க வந்தவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள்.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான். மேட்டைப் பற்றி எழுதுபவர் ஒருவர், மேட்டோடு வாழ்பவர் வேறொருவர். குப்பையை எரிக்கும் எரிஉலை வேண்டாம் என்று கொடுங்கையூரில் மக்கள் தெருவில் இறங்கி மனிதச் சங்கிலி பிடித்தார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகள் சரியானவை. புகைபோக்கியில் என்ன வரும், சாம்பலை எங்கே கொட்டுவீர்கள், அளவீட்டை யார் பார்ப்பார் என்று கேட்கிறார்கள். ஆனால் எதிரே நிபுணர் என்று வந்து அமர்பவர் அந்தத் தெருவில் பிறந்தவர் இல்லை. அந்தத் தெருவிலேயே ஒரு காற்று வேதியியல் பட்டதாரி, ஒரு நிலத்தடி நீர் ஆய்வாளர், ஒரு பொதுச் சுகாதார மருத்துவர், சுற்றுச்சூழல் சட்டம் படித்த ஒரு வழக்கறிஞர் இருந்தால் அந்தக் கூட்டத்தின் பேச்சு முற்றிலும் வேறாக இருக்கும்.

நம் நாட்டில் சுற்றுச்சூழல் கல்வி இல்லாமல் இல்லை. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் எல்லா நிலைகளிலும் அதைக் கற்பிக்கச் சொன்னது. அதன் தொடர்ச்சியாகவே பட்டப்படிப்பில் சுற்றுச்சூழல் ஒரு கட்டாயத் தாளாக வந்தது. இங்கே இருக்கும் மாணவர்கள் எல்லோரும் அந்தத் தாளை எழுதியிருப்பீர்கள். எப்படிப் படித்து எழுதினீர்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஒரு பருவத்துத் தாளாக அதை எழுதிவிட்டுப் போவது வேறு, அதையே வாழ்நாள் துறையாக எடுத்துக்கொள்வது வேறு. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் வீட்டில், மூன்று ஆண்டு முடித்ததும் சம்பளம் வரும் படிப்பு எது என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் குற்றம் இல்லை. சுற்றுச்சூழல் அறிவியலை எடுத்து, முதுகலை, ஆய்வு என்று போக ஏழெட்டு ஆண்டு யார் தாங்குவது?

குப்பையோடு இணைந்த ஓர் உதவித்தொகை இந்தியாவில் ஏற்கெனவே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. துப்புரவு போன்ற, உடலுக்கு ஆபத்தான தொழில்களில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்காக 1977-78-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டம் அது. குப்பை பொறுக்குபவர்களின் பிள்ளைகளும் பின்னர் அதில் சேர்க்கப்பட்டார்கள். சாதி, மத வரம்பு இல்லை, வருமான வரம்பும் இல்லை. வீட்டிலிருந்து போகும் பிள்ளைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய், விடுதிப் பிள்ளைக்கு 8,000 ரூபாய். நல்ல திட்டம். ஆனால் பத்தாம் வகுப்போடு அது முடிந்துவிடுகிறது. படிப்புச் செலவு மெய்யாகவே தொடங்கும் இடத்தில் குப்பையோடு இணைந்த அந்தக் கை விலகிக்கொள்கிறது.

சரி, பணம் எங்கிருந்து வரும்?

சுற்றுச்சூழல் ஆர்வலர் அல்மித்ரா பட்டேல் 1996-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதால் நகரத் திடக்கழிவு விதிகள் 2000-இல் வந்தன. அவற்றுக்குப் பதிலாக 2016 ஏப்ரலில் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை உண்டாக்குபவர் அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்று தெளிவாகவே சொல்லின. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் ஓட்டல், கல்யாண மண்டபம், வணிக வளாகம், பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஆகியவற்றைத் தனி வகையாகப் பிரித்துத் தனிப் பொறுப்பும் வைத்தன. 2020 கடைசியில் சென்னை மாநகராட்சி வீடுகளுக்கு மாதம் 10 முதல் 100 ரூபாய் வரை கட்டணம் அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததும் அது நிறுத்தி வைக்கப்பட்டது. வேறு சில மாநகராட்சிகள் சொத்து வரியோடு சேர்த்தே வாங்குகின்றன. அங்கும் முணுமுணுப்பு ஓயவில்லை. மக்கள் பத்து ரூபாய்க்குக் கணக்குப் பார்ப்பதால் வரும் முணுமுணுப்பு இல்லை இது. கட்டிய பணம் எங்கே போகிறது என்று கண்ணால் காண முடியாததால் வருவது. கேரளத்தில் ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாதந்தோறும் வீட்டு வாசலுக்கு வந்து, பிரித்து வைத்த பிளாஸ்டிக்கை எடுத்துக்கொண்டு, ஊராட்சிகளில் 50 ரூபாய் அளவில் வாங்குகிறார்கள். அங்கும் முதலில் சண்டை இருந்தது. பணம் வாங்கும் கையும் வேலை செய்யும் கையும் ஒன்றாக இருப்பதைப் பார்த்தபின் கொடுப்பது கூடியது.

இங்கே சட்டச் சிக்கல் ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டு இந்த யோசனையைப் பேசுவது நேர்மையாகாது. கட்டணம் வேறு, வரி வேறு என்று உச்ச நீதிமன்றம் 1954-இல் ஷிரூர் மடம் வழக்கில் வரையறுத்தது. அந்த மடம் இருக்கும் உடுப்பி அன்று சென்னை மாநிலத்தில் இருந்தது. வழக்கும் நம்முடைய அறநிலையச் சட்டத்தைப் பற்றியதே. கட்டணம் என்று வாங்கினால் அதற்கு ஈடான சேவை இருக்க வேண்டும், பொதுக் கருவூலத்தில் அதைக் கரைத்துவிடக் கூடாது என்றது நீதிமன்றம். பிற்காலத் தீர்ப்புகள் அந்தக் கட்டை ஓரளவு தளர்த்தின என்றாலும் அடிப்படை அதுவே. ஆகவே வீட்டில் குப்பை எடுக்க வாங்கும் கட்டணத்தை அப்படியே திருப்பிக் கல்லூரிக் கட்டணமாக்க முடியாது. ஆக்கவும் கூடாது. அந்தப் பணத்தில் முதல் உரிமை தூய்மைப் பணியாளருடையது. 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகைக்கு முன்னால் அவர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்தது வேலைப் பாதுகாப்புக்காகவும் ஊதியத்துக்காகவும். அவர்களுடைய கூலியில் கைவைத்து மாணவருக்குக் கொடுப்பதை எந்த மாணவரும் ஏற்க மாட்டார். பாதியை ஏற்கெனவே தோளில் சுமப்பவர்மேல் மீதியையும் ஏற்றுவதாகிவிடும்.

அதனால் நான் சொல்வது வேறு வழி. குப்பைமேட்டுக்குப் போய்ச் சேரும் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு சிறு தொகையை, நூலக வரியைப் போலச் சட்டமன்றமே சட்டம் செய்து தனியாக விதிக்கட்டும். அதை மாநகராட்சி, பெருமளவு குப்பை உண்டாக்கும் நிறுவனங்களிடமிருந்து பெறட்டும். குப்பையைத் தெருவில் கொட்டுவோரிடம் வாங்கும் அபராதத்திலும் ஒரு பங்கு சேரட்டும். தரம் பிரித்து நுண்ணுர மையத்துக்கும் மறுசுழற்சிக்கும் போகும் டன்னுக்கு இது வேண்டாம். மேட்டில் கொட்டினால் மட்டுமே செலவு. ஆக, மாநகராட்சிக்கே மேட்டைக் குறைக்க ஒரு காரணம் கிடைக்கும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு பெருநகரத்தில் நாளொன்றுக்கு 3,000 டன் மேட்டுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். டன்னுக்கு வெறும் 10 ரூபாய். நாளைக்கு 30,000 ரூபாய், ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு கோடியே பத்து லட்சம். அதில் பாதியைச் செலவழிக்காமல் முதலாகப் போட்டு வைத்தாலும், மீதிப் பாதியில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வீதம் நூறு மாணவருக்கு மேல் படிக்கலாம். நாளைக்கு 100 டன் கொட்டும் சிறிய நகராட்சிக்கு ஆண்டில் மூன்றரை லட்சத்துக்குச் சற்று மேல் வரும். மூன்று நான்கு பேர். ஓர் ஊரில் மூன்று பேர் மூன்றாண்டுப் படிப்பை முடித்து அடுத்த மூவருக்கு இடம்விட்டால் பத்து ஆண்டில் அந்த ஊருக்கு ஒன்பது பத்துப் பேர். டன்னுக்குப் பத்து ரூபாய் என்பது ஒரு கல்யாண மண்டபத்தின் ஒருநாள் வாழை இலைக் கணக்கில் காணாமல் போகும் தொகை.

பாதியை ஏன் முதலாக வைக்கச் சொல்கிறேன்? இந்த வகைப் பணத்துக்கு ஓர் இயல்பு உண்டு. நோக்கம் நிறைவேற நிறைவேற வருமானம் குறையும். அயர்லாந்து 2002 மார்ச்சில் பிளாஸ்டிக் பைக்கு 15 சென்ட் வரி போட்டது. ஆளொன்றுக்கு ஆண்டில் 328 பை என்றிருந்தது 21-ஆக விழுந்தது. வரிப்பணம் சுற்றுச்சூழல் நிதியில் சேர்ந்தது. பை குறைந்தால் பணமும் குறையும்தானே. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே புவென்டே ஹில்ஸ் என்ற மாபெரும் கிடங்கு இருந்தது. அங்கே கொட்டிய குப்பையில் டன்னுக்கு ஒரு டாலர் வரை, சுற்றியுள்ள குன்றுக் காடுகளை வாங்கிக் காக்கும் ஓர் அமைப்புக்குப் போனது. 2013 அக்டோபர் கடைசி நாளில் கிடங்கை மூடினார்கள், டாலர் வரத்தும் நின்றது. குப்பை குறைவதை நினைத்து உதவித்தொகைக் குழு கவலைப்படும் நிலை ஒருநாளும் வரக்கூடாது. முதல் பெருகி வட்டியில் நடக்கும் நிதியாக அது மாறிவிட்டால், மேடு மறைந்த பிறகும் படிப்பு நடக்கும்.

கிடங்கைத் தாங்கும் ஊருக்குத் தனிப் பங்கு என்பதும் புதிய சிந்தனை இல்லை. பென்சில்வேனியா மாநிலம் 1988-இல் செய்த சட்டப்படி, கிடங்கு அமைந்த ஊரின் நிர்வாகத்துக்கு டன்னுக்குக் குறைந்தது ஒரு டாலர் கொடுத்தாக வேண்டும். அமெரிக்காவில் சில உள்ளூர்க் கழிவு நிர்வாகங்கள் இப்படி வரும் கட்டணத்திலிருந்தே சுற்றுச்சூழல் படிக்கும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுக்கின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2015-இல் நம் நாட்டுச் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி மாவட்டக் கனிம நிதியை உண்டாக்கினார்கள். சுரங்கக் குத்தகைக்காரர் அரசுக்குக் கட்டும் உரிமத்தொகையோடு இன்னொரு பங்கும் தர வேண்டும். அது சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கே செலவாக வேண்டும். அதில் குறைந்தது 60 விழுக்காட்டைக் குடிநீர், சுகாதாரம், கல்வி போன்ற முதன்மைத் தேவைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று அந்த ஆண்டே வழிகாட்டுதலும் வந்தது. மண்ணைத் தோண்டி எடுப்பதால் கெடும் ஊருக்கு இந்த நியாயம் உண்டு என்று நாடே ஒப்புக்கொண்ட பிறகு, மண்ணின்மேல் கொட்டுவதால் கெடும் ஊருக்கு அதே நியாயத்தை மறுக்க என்ன காரணம் இருக்கிறது?

நிதி என்று ஒன்று உண்டானால் அதைச் சுற்றி என்னென்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரிந்ததே. நூலக வரியை மக்களிடம் வசூலித்துவிட்டு நூலகத்துக்குக் கொடுக்காமல் உள்ளாட்சிகள் பாக்கி வைத்த செய்தியை எத்தனை ஆண்டுகளாகப் படித்துவருகிறோம்! 1948-இன் நல்ல சட்டம் அங்கேதான் இடறுகிறது. ஆகவே இந்தப் பணம் மாநகராட்சியின் பொதுக் கணக்கில் ஒருநாள்கூடத் தங்கக் கூடாது. எடைமேடையில் லாரி ஏறும்போதே டன் கணக்கு பதிவாகிறது. அந்தக் கணக்குப்படி தனி வங்கிக் கணக்குக்கு மாதந்தோறும் போக வேண்டும். எத்தனை டன், எத்தனை ரூபாய், எத்தனை மாணவர் என்ற மூன்று எண்களை ஒவ்வொரு வார்டு அலுவலகச் சுவரிலும் எழுதி வைக்க வேண்டும். பேட்டரி வண்டிக்காரர் காலையில் குப்பை எடுக்க வரும்போது, இந்தத் தெருக் குப்பையால் இத்தனை பேர் படிக்கிறார்கள் என்று வீட்டுக்காரர் அறிந்திருந்தால், கட்டணத்தைப் பற்றிய பேச்சும் மாறும், மட்கும் குப்பையைப் பிரித்துக் கொடுக்கும் பழக்கமும் மாறும்.

யாருக்கு என்பதில் எனக்குச் சிறிதும் தயக்கமில்லை. முதலில் தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகள், குப்பை பொறுக்குவோரும் காயலான் கடையில் தரம் பிரிப்போரும் பெற்ற பிள்ளைகள். அடுத்து, மேட்டிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் வாழ்ந்து அங்கேயுள்ள பள்ளியில் படித்தவர்கள். சிபாரிசுக் கடிதத்துக்கு இதில் இடமே இருக்கக் கூடாது. மதிப்பெண் வரிசையை மட்டும் பிடித்துக்கொண்டு தேர்ந்தெடுத்தால், மேட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி நல்ல தனியார் பள்ளிக்குப் போனவர் அந்த இடத்தை எடுத்துக்கொள்வார். சுற்றுச்சூழல் அறிவியல், பொறியியல், வேதியியல், பொதுச் சுகாதாரம், சட்டம் என்று எந்த வாசல் வழியாக நுழைந்தாலும் சரி. பட்டயப் படிப்பும் சேர வேண்டும். காற்றுமானியைப் பழுது பார்க்கத் தெரிந்தவரும் நமக்குத் தேவை.

அந்த மாணவரிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம் என்று நினைக்கிறேன். படித்து முடித்ததும் இங்கேயே வேலை செய் என்று பத்திரம் எழுதி வாங்குவது அநியாயம்; எங்கே வேண்டுமானாலும் போய் உயரட்டும். ஆண்டுக்கு ஒருமுறை தன் தெருவின் தண்ணீரையோ காற்றையோ கிடங்கின் நிலையையோ அளந்து, தமிழில் ஓர் அறிக்கை எழுதி, அந்தப் பகுதி மக்கள் முன்னால் படிக்கட்டும். கேள்வி கேட்பவர்கள் அவருடைய அம்மாவும் அத்தையும் பக்கத்து வீட்டு அண்ணனுமாக இருப்பார்கள். ஆராய்ச்சி செய்தவருக்கும் ஆராயப்பட்டவருக்கும் நடுவில் இத்தனை காலம் இருந்த தூரம் அந்த ஒரு மாலையில் கொஞ்சம் குறையும்.

பழைய குப்பையைத் தோண்டித் தரம் பிரித்து மேடுகளை அகற்றும் பயோமைனிங் வேலை பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் தொடங்கிவிட்டது. நிலம் மீளும் என்கிறார்கள், மீளட்டும். மீண்ட நிலத்தில் பூங்காவா, எரிஉலையா, வேறு எதுவா என்று முடிவு செய்யும் மேசையில் அந்த ஊர்ப் பிள்ளைகள் நிபுணராக உட்கார வேண்டுமென்றால் அவர்களுடைய படிப்பு இன்றைக்கே தொடங்கியாக வேண்டும். ஒரு சுற்றுச்சூழல் அறிஞர் உருவாக ஏழெட்டு ஆண்டு ஆகும்.

நண்பர்களே, தமிழ்நாட்டின் நகரங்களில் இப்போது பகுதி சபைகள் இருக்கின்றன. அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். நம் வார்டிலிருந்து மேட்டுக்குப் போகும் குப்பை நாளைக்கு எத்தனை டன் என்று முதலில் கேளுங்கள். பிறகு, டன்னுக்குப் பத்து ரூபாய் மாணவர் நிதிக்கு ஒதுக்கச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் மாமன்ற உறுப்பினரின் கையொப்பத்தோடு அது மேயருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் போகட்டும். ஒரு வார்டு தொடங்கினால் போதும், அடுத்த வார்டு கேட்கும். அந்த முதல் தீர்மானம் இந்த அரங்கில் இருக்கும் ஒருவருடைய வார்டிலிருந்து வர வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.